புதிய பறவையின் முடிவு நேர்மையான திருப்பமா?

கடைசிவரிசை:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே படங்களின் முடிவுகள் ஒளிவுமறைவின்றிப் பேசப்படும். புதிய பறவை, அந்த நாள், பாபநாசம், மகாராஜா ஆகியவற்றை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குப் புதிய பறவை படத்தைப் போட்டுக் காட்டினேன். 1964-இல் வந்த படம். அவளுக்கு வயது பதினேழு. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் கோபால், அதே கப்பலில் வரும் லதாவையும் அவள் தந்தையையும் சந்தித்து, ஊட்டியில் உள்ள தன் பங்களாவுக்கு அழைத்துச் செல்கிறான் என்பது வரைக்கும் கைப்பேசியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்துபோன மனைவி சித்ரா என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது கைப்பேசி கீழே போயிற்று. அதன் பிறகு கோபாலுக்காக அவள் பட்ட கவலையைப் பார்க்க எனக்கே வேடிக்கையாக இருந்தது. கடைசியில், "இவள் சித்ரா இல்லை, ஏனென்றால் சித்ராவை நானே கொன்றேன்" என்ற பொருளில் கோபால் உடைந்து பேசுகிறான். வந்தவள், அவளோடு வந்த ரங்கன், லதா, லதாவின் தந்தை எல்லோரும் காவல்துறையினர் என்பது தெரிகிறது. மகள் எழுந்து, "அப்பா, இது போங்காட்டம்" என்றாள்.

அவளுடைய வாதம் இதுதான்: படம் முழுக்க ஒருவனை நம்பச் சொல்லிவிட்டு, நம்பியதற்காகவே கடைசியில் நம்மை முட்டாளாக்குவது திருப்பம் அல்ல, ஏமாற்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரயில் ஓடுவதைக் கண்டாலே கோபால் நடுங்குவதைப் படம் நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அந்த நடுக்கத்தை மனைவியை இழந்தவனின் துயரம் என்று நாமாகவே எடுத்துக்கொண்டோம். அதே நடுக்கத்தை நம்பியார் நடித்துக் காட்டியிருந்தால் கொட்டகையில் ஒருவராவது இரக்கப்பட்டிருப்பாரா? குற்றத்தை ஒளித்துவைக்க இந்தப் படம் வேறு எங்கும் இடம் தேடவில்லை. சிவாஜியின் முகத்திலேயே அதை வைத்துவிட்டது. நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழையரீல்:

நல்ல கேள்வி ஐயா. என் தந்தை நாற்பது ஆண்டுகள் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். புதிய பறவை மறு வெளியீட்டில் ஓடும்போதெல்லாம் கடைசி ரீலை மாட்டிவிட்டு, திரையைப் பார்க்காமல் ஜன்னல் வழியாகக் கீழே இருக்கும் தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொல்வார். முதல்முறை பார்ப்பவர் யார், ஏற்கெனவே பார்த்தவர் யார் என்பது பின்னந்தலையிலேயே தெரிந்துவிடுமாம்.

நீங்கள் சிவாஜியின் முகத்தை மட்டும் சொன்னீர்கள். எம்.ஆர். ராதாவின் முகத்தை விட்டுவிட்டீர்கள். ரத்தக்கண்ணீருக்குப் பிறகு அவர் திரையில் நுழைந்தாலே இவன் எதற்கோ அடிபோடுகிறான் என்று முடிவுகட்டும் பழக்கம் நம் மக்களுக்கு இருந்தது. ஆகவே சித்ரா என்று சொல்லிக்கொண்டு வருபவளோடு ராதாவும் வந்து நிற்கும்போது, "சொத்துக்காக நடத்தும் நாடகம்" என்று கொட்டகை முழுவதும் தானாகவே தீர்ப்பு எழுதிவிடுகிறது. குற்றவாளியை நாயகனின் முகத்துக்குப் பின்னாலும், காவல்துறை அதிகாரியை வில்லனின் முகத்துக்குப் பின்னாலும் ஒளித்துவைத்த படம் இது. பாத்திரத் தேர்வு செய்த அன்றைக்கே பாதித் திரைக்கதை முடிந்துவிட்டது என்பேன்.

சௌகார் ஜானகி செய்தது இதைவிட நுட்பம். உண்மையான சித்ராவும் அவரே, சித்ராவாக நடிக்க வந்தவளும் அவரே. இரட்டை வேடத்துக்குப் பழகிய கண்களுக்கு, ஒரே முகம் என்றால் ஒன்று அதே ஆள், இல்லாவிட்டால் கதையில் எங்காவது ஓர் இரட்டைப் பிறவி என்றுதான் தோன்றும். காவல்துறை தேடிப் பிடித்துக் கொண்டுவந்த வேறொருத்தி என்ற எண்ணம் கடைசியாகத்தான் வரும்.

இன்னொன்று. இது வங்காளத்தில் 1963-இல் உத்தம் குமார் நடித்த சேஷ் அங்கா படத்தின் தழுவல். அதற்கும் மூலம் 1958-இல் வந்த ஓர் ஆங்கிலப் படம். ஆங்கிலத்தில் குற்றவாளி ஒரு பெண். இறந்துபோன அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் அவள் வீட்டுக்கு வருகிறான். அங்கே அவள் திட்டமிட்டே அண்ணனைக் கொன்றவள். தமிழில் அது ஆத்திரத்தில் விழுந்த ஓர் அறையாகவும், இதய நோயாளியான மனைவியின் சாவாகவும், பயத்தில் உடலைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்க் கிடத்திய தவறாகவும் மெலிந்துவிட்டது. நாயகன் கொலை செய்யலாம், கெட்டவனாக மட்டும் இருக்கக்கூடாது. படத்தைத் தயாரித்ததே சிவாஜி பிலிம்ஸ்தான் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இரவுக்காட்சி:

பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் இருபத்திரண்டு வயதில், அதாவது சென்ற ஆண்டுதான், முதல்முறையாக இதைப் பார்த்தேன். அந்தப் பெண் வந்து நின்ற பத்தாவது நிமிடத்தில் முடிவை ஊகித்துவிட்டேன். நான் அறிவாளி என்பதற்காகச் சொல்லவில்லை. என் வயதுக்காரர்களுக்கு நாயகன் மீது அப்படிப்பட்ட நம்பிக்கையே கிடையாது. ஆகவே முகத்தில் ஒளிக்கும் வித்தை எங்களிடம் செல்லாது. எங்களை ஏமாற்ற வேண்டுமானால் வேறு எங்காவது ஒளிக்க வேண்டும்.

நித்திலன் சாமிநாதன் 2024-இல் எடுத்த மகாராஜா அதைக் காலத்தில் ஒளித்தது. முடிதிருத்துபவரான மகாராஜா, 'லட்சுமி' காணவில்லை என்று காவல்நிலையத்துக்கு வருகிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. காவலர்கள் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். இன்னொரு பக்கம் அனுராக் காஷ்யப் நடித்த செல்வத்தின் குடும்பக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதாகவே நாம் நினைக்கிறோம், ஏனென்றால் இரண்டும் அடுத்தடுத்து வெட்டிக் காட்டப்படுகின்றன. உண்மையில் செல்வத்தின் கதை பல ஆண்டுகளுக்கு முந்தையது. மகாராஜா வளர்க்கும் ஜோதி செல்வத்தின் மகள். விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம் அது, ஆனால் திருப்பம் அவருடைய நட்சத்திர மதிப்பை நம்பி நிற்கவில்லை. யார் நடித்திருந்தாலும் அது வேலை செய்திருக்கும்.

கடைசிவரிசை:

தம்பி, "யார் நடித்திருந்தாலும்" என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு. அந்தத் திருப்பத்தைப் படத்தொகுப்பு செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு குப்பைத்தொட்டிக்காக அடிவாங்கிக்கொண்டு மறுபடியும் மறுபடியும் வந்து உட்காரும் அந்த மனிதனை நாம் சற்று மந்தமானவர் என்று எண்ண வேண்டும். அப்படி எண்ணாவிட்டால் அவர் எதற்காக வருகிறார் என்று நாம் யோசிக்கத் தொடங்கிவிடுவோம், யோசித்தால் கதை அவிழ்ந்துவிடும். அந்த மந்தத்தை நம்பவைத்தது விஜய் சேதுபதியின் முகம். அங்கும் முகத்துக்கு வேலை இருக்கிறது.

கறுப்பங்கி:

நான் வழக்குரைஞர். ஆகவே என் வருத்தம் வேறு வகையானது. இழையை விட்டு விலகுவதாகத் தோன்றினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், முடிவில் வந்து சேர்ந்துவிடுவேன்.

புதிய பறவையின் முடிவு முழுவதும் ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தின் மீது நிற்கிறது. ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க முடியாது. இன்று நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தில் இது 23-ஆம் பிரிவு. வஞ்சகத்தால் பெற்ற ஒப்புதல் என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாமல் போய்விடாது என்று பழைய சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆயினும் கேட்டவர் காவல்துறை அதிகாரியாக இருந்தால் 25-ஆம் பிரிவின் தடை அப்படியேதான் நிற்கும். வாக்குமூலத்தின் விளைவாகப் புதிய பொருள் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால் 27-ஆம் பிரிவு ஓரளவுக்குக் கதவைத் திறக்கும். இங்கே உடல் எப்போதோ தண்டவாளத்தில் கிடைத்துவிட்டது. கண்டெடுக்க எதுவும் மிச்சமில்லை. ஆக, இத்தனை பேர் கப்பலில் தொடங்கி மாதக்கணக்காக நடித்துப் பெற்ற ஒப்புதலை நான் கோபாலுக்காக வாதாடியிருந்தால் முதல் நாளே தள்ளுபடி செய்யவைத்திருப்பேன்.

அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. மனைவிக்கு இதய நோய் இருந்தது அவனுக்குத் தெரியாதென்று கொண்டால், ஓர் அறைக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் என்ன தண்டனை? மண்ணீரல் வீங்கியிருந்தவர்கள் சிறிய அடியில் இறந்துபோன பழைய வழக்குகளைச் சட்டக் கல்லூரியில் படித்திருக்கிறோம். அவற்றில் சிலவற்றில் அது கொலையாகவே கொள்ளப்படாமல், 323-ஆம் பிரிவின் கீழ் வெறும் காயம் விளைவித்த குற்றமாக நின்றுவிட்டது. அதற்கு உச்சபட்சத் தண்டனை ஓராண்டு. அன்றைக்கே ஒரு நல்ல வக்கீலைப் பார்த்திருந்தால் கோபாலுக்கு இவ்வளவு துன்பம் இல்லை.

இப்போது விவாதத்துக்கு வருகிறேன். இவ்வளவு ஓட்டை இருந்தும் பார்வையாளர் ஒருவர்கூட நீதிமன்றத்தில் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. ஏன்? அந்தக் காட்சியில் வெளிப்படுவது குற்றம் மட்டும் அல்ல. பழைய உறவு பொய்த்துப்போனதால் புதிய ஒன்றைத் தேடியவன், அந்தப் புதிய உறவும் வேடம் என்று அறிகிறான். நடிக்க வந்த லதா உண்மையாகவே அவனைக் காதலித்துவிட்டாள் என்பது அதற்கும் மேலே விழும் அடி. மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள் ஐயா. காதல் பாடல்கள் பொய் இல்லை என்றால், அது எப்படிப் போங்காட்டமாகும்?

அகலரயில்:

அந்த நாள் படத்தை யாரும் இன்னும் பேசவில்லையே. வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏ.வி.எம். தயாரித்து 1954-இல் வந்தது. பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. அன்றைய தமிழ்ப் படத்தில் அதுவே ஒரு திருப்பம்.

1943-இல் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாட்களில் கதை நடக்கிறது. படம் தொடங்கியவுடனேயே வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டு இறக்கிறார். அந்த ராஜன்தான் சிவாஜி கணேசன். விசாரிக்க வரும் அதிகாரியாக ஜாவர் சீதாராமன், திரைக்கதையும் அவருடையதே. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, ராஜனோடு தொடர்பிலிருந்த நடனக்காரி என்று ஒவ்வொருவரும் இன்னொருவர் மீது விரல் நீட்டுகிறார்கள். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் ராஜனின் நிறம் மாறுகிறது. கடைசியில் மனைவி உஷாவின் கையில் இருந்த துப்பாக்கிதான் வெடித்தது என்றும், கணவன் எதிரிக்கு இரகசியங்களை அனுப்பிக்கொண்டிருந்தவன் என்றும் தெரிகிறது.

இந்த இழையின் முதல் பதிவில் சொன்னதை வைத்து இதைப் பார்த்தால் ஒன்று புலப்படும். பராசக்தி வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. சிவாஜி என்றால் நல்லவன் என்ற முடிவு இன்னும் இறுகவில்லை. ஆகவே அவரைத் துரோகியாகக் காட்ட முடிந்தது, முதல் காட்சியிலேயே சாகடிக்கவும் முடிந்தது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960-இல் சைக்கோ படத்தில் ஜேனட் லீயைப் பாதிப் படத்துக்கு முன்பே கொன்றதை உலகம் இன்றும் வியக்கிறது. இங்கே அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே நாயகன் பிணமாகத்தான் அறிமுகமானான்.

பத்து ஆண்டு கழித்து அதே நடிகர் குற்றவாளியானபோது, அவரை அழவைத்து, காதலிக்கவைத்து, "எங்கே நிம்மதி" என்று பாடவைத்த பிறகே கைவிலங்கு வரை கொண்டுபோக முடிந்தது. எனக்கு அந்த நாள்தான் பெரிய படம். புதிய பறவை பார்வையாளரிடம் கொஞ்சம் கெஞ்சுகிறது.

பழையரீல்:

கெஞ்சுகிறது என்பதை ஏற்க மாட்டேன். ஆனால் அந்த நாள் பற்றிச் சொன்ன மற்றவை எல்லாம் சரி.

தாமிரபரணி:

நெல்லைக்காரி என்பதால் பாபநாசத்தைப் பற்றி நான்தான் பேச வேண்டும். வழக்குரைஞர் ஐயா சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. மலையாளத்தில் 2013-இலும் தமிழில் 2015-இலும் ஜீத்து ஜோசப் எடுத்த கதையும், புதிய பறவையின் கதையும் அடித்தளத்தில் ஒன்றே. நினையாமல் ஒரு சாவு நேர்கிறது. பயத்தில் உடல் அப்புறப்படுத்தப்படுகிறது. பிறகு காவல்துறையிலிருந்து ஒரு பெண் வந்து உண்மையைக் கறக்கப் பார்க்கிறாள். 1964-இல் கோபால் பிடிபடுகிறான், நாம் அழுகிறோம். 2015-இல் பாபநாசத்தின் நாயகன் சுயம்புலிங்கம் தப்பிக்கிறார், நாம் கைதட்டுகிறோம். உடல் புதிய காவல்நிலையக் கட்டடத்தின் தரைக்கடியிலேயே இருக்கிறது என்று தெரியும் அந்தக் கடைசி நொடியில் நான் பார்த்த அரங்கில் விசில் பறந்தது. இறந்துபோன பையனின் தாய் தந்தையை நினைத்தால் அந்த விசில் சற்றுக் கூசத்தான் செய்கிறது.

இங்கே ஒளிக்கும் முறையும் மாறிவிட்டது. கொலையை நம் கண்ணெதிரே காட்டிவிடுகிறார்கள். பொய்ச் சாட்சியங்களை நாயகன் எப்படி ஒவ்வொன்றாக அடுக்கினார் என்பதைப் பிறகு நமக்குத் திறந்து சொல்கிறார்கள். இவ்வளவு சொன்ன பிறகு இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவதில்லை. நம்மையும் அந்தக் குடும்பத்தில் ஒருவராக்கிவிட்டு, அந்தக் குடும்பத்துக்கே சொல்லாத ஒன்றைச் சுயம்புலிங்கம் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். ஆக நாமும் ஏமாந்தோம், ஆனால் அதை யாரும் போங்காட்டம் என்று சொல்வதில்லை. கோபாலின் மீது வரும் கோபம் சுயம்புலிங்கத்தின் மீது ஏன் வருவதில்லை?

கறுப்பங்கி:

அம்மா, ஒரு சிறு சேர்க்கை. இறந்த பையனின் பெற்றோரிடம் சுயம்புலிங்கம் பூடகமாகப் பேசும் நேரத்தில், காவல்துறை அதிகாரியாக இருந்த அந்தத் தாய் பதவியை விட்டு விலகியிருக்கிறார். எனவே 25-ஆம் பிரிவு சுயம்புலிங்கத்தைக் காப்பாற்றாது, பூடகம்தான் காப்பாற்றுகிறது. அந்த உரையாடலை எழுதியவர் யாரையோ கலந்து பேசித்தான் எழுதியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

முகப்புவிளக்கு:

தாமிரபரணி அவர்களின் கேள்விக்கு விடை, பொய்யை யார் சொன்னார்கள் என்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுயம்புலிங்கம் சொல்லாமல் விட்டார். கோபால் சொன்னதோ பாதிக் கதை. அவன் லதாவிடம் தன் இல்வாழ்க்கையை விவரிக்கும்போது திரையில் ஃபிளாஷ்பேக் ஓடுகிறது. மனைவியின் குடி, சண்டை, தந்தையின் சாவு எல்லாவற்றையும் காட்டிவிட்டு, தண்டவாளத்தில் நேர்ந்த சாவு என்று அது முடிகிறது. நடுவே விழுந்த அறை அங்கே இல்லை. வாயால் சொல்வது பொய்யாக இருக்கலாம் என்று நமக்குத் தெரியும். திரையில் ஓடுவதை நாம் சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறோம். பதினேழு வயதுப் பெண் போங்காட்டம் என்று சொன்னது இதைத்தான் என்பது என் ஊகம்; அப்படியானால் அவள் பக்கம் நியாயம் உண்டு.

இதே தகராறு ஹிட்ச்காக்கின் மீதும் எழுந்தது. 1950-இல் வந்த ஸ்டேஜ் ஃபிரைட் படத்தின் தொடக்கத்தில் ஓர் இளைஞன் தன் தோழியிடம் நடந்ததைச் சொல்கிறான். அது அப்படியே காட்சியாக விரிகிறது. கடைசியில் அது முழுப் பொய் என்று தெரிகிறது. அன்றைய விமர்சகர்கள் பொறுக்கவில்லை. ஃபிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் ஹிட்ச்காக்கே அதைத் தான் செய்திருக்கக் கூடாத ஒன்றாக ஒப்புக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொய் ஃபிளாஷ்பேக்கைச் சொல்லும் இளைஞனாக நடித்தவர் ரிச்சர்ட் டாட். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பழையரீல் குறிப்பிட்ட அந்த ஆங்கில மூலத்தில், இறந்த அண்ணனாக வேடமிட்டு வந்து குற்றவாளியைப் பொறியில் சிக்கவைப்பவரும் அதே ரிச்சர்ட் டாட்தான்.

ஆனால் கோபாலுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டேஜ் ஃபிரைட் இளைஞன் இல்லாததைக் காட்டினான். கோபால் இருந்ததைக் காட்டி ஓர் இடத்தில் வெட்டிவிட்டான். அந்த வெட்டு எங்கே விழுந்தது என்பதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பார்த்தால், அந்த இடத்தை நெருங்க நெருங்க சிவாஜியின் குரலில் வேகம் கூடுவதைக் கேட்கலாம். சொல்லி முடித்துவிட்டால் போதும் என்ற அவசரம் அது. முதல்முறை எனக்கு அது துயரமாகத்தான் கேட்டது.

இரவுக்காட்சி:

இதற்காகவே மறுபடியும் பார்க்கப் போகிறேன். முடிவை ஊகித்துவிட்டதாகப் பெருமையடித்தேனே தவிர, இந்த வெட்டை நான் கவனிக்கவில்லை.

அகலரயில்:

முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் வெளிநாடுகளில் உண்டு. 1955-இல் வந்த பிரெஞ்சுப் படமான லே தியாபோலிக் முடிவில் அப்படி ஓர் அட்டை வரும். 1957-இன் விட்னஸ் ஃபார் தி பிராசிகியூஷன் முடிந்ததும் ஒரு குரல் அதையே சொல்லும். நம் ஊரில் பாட்டுப் புத்தகம்தான் அந்த வேலையைச் செய்தது. கதைச் சுருக்கத்தை அச்சிட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, "மிகுதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டுவிடுவார்கள். எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்தவர் யாரோ, அவரும் ஒரு திரைக்கதை ஆசிரியர்தான். புதிய பறவையின் பாட்டுப் புத்தகம் யாரிடமாவது இருந்தால், சுருக்கம் எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கடைசிவரிசை:

என்னிடம் இல்லை, பழையரீல் ஐயாவின் தந்தையாரிடம் இருக்கக்கூடும்.

முகப்புவிளக்கு அவர்களின் பதிவை மகளிடம் படித்துக் காட்டினேன். ஃபிளாஷ்பேக்கை மட்டும் மறுபடி போடச் சொன்னாள். தண்டவாளம் வந்ததும் நிறுத்தி, பின்னே தள்ளி, இன்னொரு முறை ஓடவிட்டாள். "போங்காட்டம்தான் அப்பா, ஆனால் படம் ஆடவில்லை, அவர்தான் ஆடுகிறார்" என்றாள். அந்த நாள் எங்கே கிடைக்கும் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள். நல்ல பிரதி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.